பட்டம் இருக்கு, பட்டா எங்கே?

வேளாண் வணிகம் படித்த தம்பி ஒருவர் நான் வேலை பார்க்கும் வங்கிக்கு வந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சேரி. அப்பா சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. விதை, உரக்கடை வைக்கக் கடன் வேணும்.

மேலாளர் கேட்டார்: "நெலம் இருக்கா?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். மனு திரும்பிவிட்டது. குமாஸ்தா நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெலம் இருந்தது, தோழர்களே. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பின், 1892இல் நமக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம். திருவள்ளூரும் அன்று அந்த ஜில்லாதான். அதை மீட்கும் காரணைப் போராட்டத்தில்தான் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இந்தப் படிப்புக்கு விதைக் கம்பெனி, உரக் கம்பெனி, வங்கியில் வேளாண் அதிகாரி என்று வேலைகள் உண்டு. போங்க, விடாதீங்க. சொந்தத் தொழிலுக்கு 2002இல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. அதில் பொதுவாக மானியம் 36 சதவீதம். தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 44. ஆனால் கவுண்டருக்கு வந்தால் ஜாமீனுக்குப் பத்திரம் கேட்கிறான்.

கடன் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கையோடு உங்க ஊர் 'அ' பதிவேட்டையும் புரட்டுங்கள். பஞ்சமி நிலம் யார் பேரில் கிடக்கிறது என்று பாருங்கள். வேளாண்மை படித்த பிள்ளைக்கு அந்தக் கணக்கும் தெரியணும்.