வாக்குமுறையை வாக்காளர்களே வகுக்கட்டும்

தேர்தலில் வென்றவர்களிடமே தேர்தல் முறையைத் திருத்தும் பொறுப்பையும் ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவே சாட்சி. தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் இப்போதைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான் என்று 2015-ல் வாக்குறுதி தந்த ஜஸ்டின் ட்ரூடோவின் லிபரல் கட்சி, 39.5% வாக்குகளைப் பெற்று 338 இடங்களில் 184-ஐக் கைப்பற்றியது. புதிய முறை குறித்துக் கருத்தொற்றுமை இல்லை என்று சொல்லி, 2017 பிப்ரவரியில் அந்த வாக்குறுதியைக் கைவிட்டது. அடுத்து வந்த 2019, 2021 தேர்தல்களில் அதிக வாக்குகள் பெற்றது கன்சர்வேடிவ் கட்சி. அதிக இடங்களுடன் ஆட்சியில் தொடர்ந்ததோ லிபரல் கட்சி.

இதற்கான மாற்று வழியை அந்நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2004-லேயே காட்டிவிட்டது. தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் பூர்வகுடியினர் இருவர் என 160 பேர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டுக் குடிமக்கள் பேரவை அமைந்தது. பல நாடுகளின் தேர்தல் முறைகளை அவர்கள் கற்றார்கள். ஊர் ஊராகக் கருத்துக் கேட்டார்கள். பல மாதங்கள் விவாதித்தார்கள். வாக்குகளுக்கு ஏற்ப இடங்கள் அமைய, வேட்பாளர்களை வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையை 146 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர்கள் 7 பேர் மட்டுமே. சாமானியர்களுக்கு இந்த நுணுக்கங்கள் புரியாது என்ற வாதம் அங்கேயே உடைந்தது.

2005 பொதுவாக்கெடுப்பில் 57.7% பேர் அந்தப் பரிந்துரையை ஏற்றனர். 79 தொகுதிகளில் 77-ல் அதற்கே பெரும்பான்மை. ஆயினும் 60% ஆதரவு வேண்டும் என்று அரசு வைத்திருந்த நிபந்தனையால் அது தோற்றது. 2001-ல் ஏறத்தாழ இதே அளவு வாக்குகளுக்கு 77 இடங்களை அள்ளிய ஆளுங்கட்சி, மக்களின் முடிவுக்கு மட்டும் உயரமான வேலி போட்டது அநீதி. 2009-ல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 39% ஆகச் சரிந்தது. பேரவை கலைந்தபின் அதன் பரிந்துரையை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால் சீர்திருத்தம் உயிரிழக்கும் என்பதே அதன் பாடம்.

தேசிய அளவில் இத்தகைய பேரவை அமைக்கக் கோரிய தீர்மானத்தைக் கனடா நாடாளுமன்றம் 2024 பிப்ரவரியில் நிராகரித்தது தவறு. அந்த முடிவு மாற்றப்பட வேண்டும். குலுக்கலில் பேரவை அமையட்டும். அதன் பரிந்துரை தாமதமின்றிப் பொதுவாக்கெடுப்புக்கு வரட்டும். பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தாலும் அது சட்டமாகட்டும். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்த உறுதிமொழியைக் கனடா வாக்காளர்கள், அங்குள்ள தமிழர்கள் உட்பட, கேட்டுப் பெற வேண்டும்.