பிள்ளையின் முதற் புத்தகம்

பிள்ளை கையிலெடுக்கும் முதற் புத்தகம் அளவிற் சிறிது, பயனிற் பெரிது. வாசிப்பு இனிதா, இன்னாததா என்பதை அவன் முடிவு செய்வது அதன் பக்கங்களிலேயாம். ஆயினும், பேரிலக்கியங்களுக்கு உரை வகுக்கும் நம் புலமையுலகம் இச்சிறு நூலை எழுதுவதைத் தன் தகுதிக்குக் குறைவாகவே கருதி வருகின்றது.

அவ்வாறு கருதாத பெருமகன் ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், செய்யுளை நெட்டுருப் பண்ணுவதே பெரும்பாலுங் கல்வியாயிருந்த காலத்தில், படிமுறையாக உயரும் பாலபாடங்களை உரைநடையில் எழுதி அச்சேற்றினார். இலக்கணக் கடலை நீந்தியவர் சிறு வாக்கியம் எழுத நாணினாரல்லர்.

நெடுங்கணக்கு இலக்கணத்துக்கு ஏற்ற வரிசை. வாசிக்கப் பழகுவதற்கும் அதுவே ஏற்ற வரிசை எனக் கொள்ளுதல் பொருந்தாது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்தையும் ஒப்பித்த பின்னரே சொல்லுக்குப் போகலாமெனின், பிள்ளை சொல்லைக் காணுமுன்னரே சோர்ந்துவிடுவான். ஆய்தத்துக்கு எஃகு என்று படம் போடுகின்றார்கள். எஃகு இன்னதென்று அவன் அறியான். ஙகர வரிசையின் பெரும்பாலான எழுத்துக்களை வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லிலும் அவன் காணப்போவதில்லை.

க, ட, ப, ம, ர, ல என்னும் ஆறெழுத்தோடு புள்ளியையும் காலையும் கற்பித்துப் பாருங்கள். பட்டம், மரம், கடல், பகல், பால், காகம், மாமா என்பவற்றை அவன் தானே வாசிப்பான். கெ, கே, கை என்பவற்றிற் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகின்றது. உகர வரிசையிலோ கு, டு, து, மு எனக் குறியின் வடிவம் எழுத்துத்தோறும் வேறுபடுகின்றது. இவ்விடர்களை ஒவ்வொன்றாகக் கடப்பித்தல் வேண்டும். ஒருங்கே குவித்தல் தகாது.

நெடுங்கணக்கைக் கைவிடுக என்று யாம் கூறவில்லை. அகராதி பார்ப்பதற்கும் இலக்கணங் கற்பதற்கும் அஃது இன்றியமையாதது. வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு அதனை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தல் எளிது. வீட்டுப் பேச்சை அவ்வாறே அச்சிடுக என்பாருமுளர். அதுவும் எமக்கு உடன்பாடன்று. வீட்டிலும் நூலிலும் ஒருங்கே வழங்குஞ் சொற்கள் நிரம்ப உள்ளன. முதற் புத்தகம் அவற்றாலமைக. புணர்ச்சியிற் சொல் மறையாதவாறு பிரித்தும் அச்சிடப்படுக.

1980 ஆம் ஆண்டு தொடக்கம் நம் நாட்டு மாணவர்க்குப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எனினும் பாடநூல் ஒன்றே போதாது. வாசிக்கத் தொடங்கிய பிள்ளை அடுத்தடுத்து எடுத்துப் படிக்கச் சிறு நூல்கள் பல வேண்டும். பாலர் வகுப்பு ஆசிரியர்களே அவற்றை எழுதத் தக்கார். எழுதியதை அச்சகத்துக்கு அனுப்புமுன் ஆறு வயதுப் பிள்ளையொருவனிடங் கொடுத்து வாசிக்கச் செய்க. அவன் தடுக்கி நிற்குமிடத்தைத் திருத்துக. பண்டிதரின் அணிந்துரை அதற்குப் பின்னர் வரலாம்.