ஏலமும் ஒரு ‘அல்லது’வும்

எங்க பக்கம் ஏலம் என்றால் ரெண்டு அர்த்தம். ஒன்று, குரங்கணிக்கு மேலே மலையில் விளைவது. இன்னொன்று, அதைப் போடியில் வைத்து விற்பது. நான் எழுத வந்தது மூன்றாவதாக ஒரு ஏலம் பற்றி, அதாவது ஐபிஎல் ஏலம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு ஆடுபுலி ஆட்டத்தைச் சொல்லியாக வேண்டும்.

போன லீவில் குரங்கணியில் அம்மாச்சி வீட்டில் இருந்தேன். கரண்ட் இல்லை. திண்ணையில் கரிக்கட்டையால் கோடு கிழித்து நானும் மாமா மகனும் உட்கார்ந்தோம். கூழாங்கல் 3 புலி, புளியங்கொட்டை 15 ஆடு. (ஏலக்காயை ஆடாக வைத்தால் அம்மாச்சி முதுகில் போடும்!) புலி அவனுக்கு, ஆடு எனக்கு. ஆரம்பிக்கும் முன்னால் அவன் சொன்ன விதி இது: “15 ஆடும் இறங்கியிருந்தாத்தான் ஆட்ட நகட்டணும்.”

சரி என்றேன். இறக்கிக்கொண்டு இருக்கும்போதே ரெண்டு ஆட்டைப் புலி தின்றுவிட்டது. 15வது ஆட்டையும் இறக்கி முடித்து, அடுத்த முறை நகர்த்தப் போனால் கையைப் பிடித்துக்கொண்டான். “கட்டத்துல 13 தான மச்சான் இருக்கு? 15 எங்க?”

சொல்லை மட்டும் பார்த்தால் அவன் பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியும். ‘இறங்கியிருந்தால்’ என்பதை ‘இறக்கி முடித்திருந்தால்’ என்றும் படிக்கலாம், ‘இப்போது கட்டத்தில் இருந்தால்’ என்றும் படிக்கலாம். ஆனால் அவன் படிக்கிற மாதிரி படித்தால், ஒரு ஆடு செத்ததும் மிச்ச ஆடுகள் கடைசிவரை நகரவே முடியாது. நகராத ஆடு புலியை எப்படி அடைக்கும்? அப்புறம் எதற்கு ஆட்டம்?

அதனால் என் முதல் கருத்து: விதிக்கு ரெண்டு பொருள் வந்தால், ஆட்டத்தையே சாகடிக்கிற பொருள் தப்பான பொருள்.

இப்போது ஐபிஎல். வார்ஹாம்மர் மாதிரியான மேஜைப் போர் விளையாட்டுகளில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. மொத்தப் புள்ளி வரம்புக்குள் படையைக் கட்ட வேண்டும். ஐபிஎல் அணி கட்டுவதும் கிட்டத்தட்ட அதேதான். 2025 சீசனுக்கு வரம்பு 120 கோடி. பழைய வீரர்களைத் தக்கவைத்தால் முறையே 18, 14, 11, 18, 14 கோடி கழியும். ஆனால் ‘அன்கேப்டு’ வீரர், அதாவது இந்தியாவுக்கு ஆடாதவர் என்றால் 4 கோடிதான்.

2024 செப்டம்பரில் இதில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். கடந்த ஐந்து காலண்டர் வருடங்களில் சர்வதேசப் போட்டியில் ஆடும் பதினொருவரில் இடம்பெறாத, அல்லது பிசிசிஐ ஒப்பந்தம் இல்லாத இந்திய வீரரும் அன்கேப்டு ஆகிவிடுவார்.

அந்த ‘அல்லது’வைக் கவனியுங்கள். ரெண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. ஸ்ரேயஸ் ஐயருக்கு 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ஆனால் அதே ஆகஸ்டில் இலங்கையில் இந்தியாவுக்காக ஒருநாள் போட்டி ஆடினார். எழுத்துப்படி படித்தால் அவரும் அன்கேப்டு, 4 கோடிக்குத் தக்கவைக்கலாம்! யாரும் அப்படிப் படிக்கவில்லை. ஏலத்தில் பஞ்சாப் அவரை 26.75 கோடிக்கு எடுத்தது. ‘அல்லது’ என்று எழுதியிருந்ததை எல்லோரும் ‘மற்றும்’ என்றே படித்தார்கள். அதுதான் சரி. இல்லாவிட்டால் ஐந்து வருடக் கணக்கு என்று ஒன்று எழுதியதற்கே அர்த்தம் இல்லை. விதியில் உள்ள மற்ற சொற்களை வெட்டியாக்குகிற பொருளும் தப்பான பொருள்தான். இது ரெண்டாவது கருத்து.

தோனி விஷயம் வேறு. அவருடைய கடைசி சர்வதேசப் போட்டி 2019 ஜூலையில், நியூசிலாந்துடன் நடந்த உலகக்கோப்பை அரையிறுதி. ஒப்பந்தமும் இல்லை. ‘அல்லது’ என்று படித்தாலும் ‘மற்றும்’ என்று படித்தாலும் அவர் அன்கேப்டு. சிஎஸ்கே 4 கோடிக்குத் தக்கவைத்தது. ஐந்தாவது ஆளாக முழு விலை கொடுத்திருந்தால் 14 கோடி. மிச்சம் 10 கோடி. ஜெத்தா ஏலத்தில் நூர் அகமதை எடுத்த விலையும் சரியாக அதே 10 கோடி!

இது ஏமாற்று வேலையா? இல்லை என்றுதான் சொல்வேன். விதியை யாரும் வளைத்துப் படிக்கவில்லை. ரெண்டு உலகக்கோப்பை ஜெயித்துக் கொடுத்த கேப்டனை ‘இந்தியாவுக்கு ஆடாதவர்’ வரிசையில் உட்கார வைக்கிற விதி நல்ல விதியா என்று கேட்டால், இல்லை. ஆனால் அந்தச் சண்டையை விதி எழுதியவரிடம் போட வேண்டும், படித்தவரிடம் இல்லை. இந்த ரெண்டையும் நாம் எப்போதும் குழப்பிக்கொள்கிறோம்.

சரி, இதே சலுகையை மும்பை வாங்கியிருந்தால் நான் இவ்வளவு பொறுமையாக எழுதியிருப்பேனா? சத்தியமாக மாட்டேன் :-) மூன்றாவது கருத்து அதிலிருந்து வருவதுதான்: பொருள் சொல்லும் முன் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பார்.

அன்றைக்குத் திண்ணையிலும் அதைத்தான் செய்தேன். அந்த ஆட்டத்தை அவனுக்கே விட்டுவிட்டு, அடுத்த ஆட்டத்தில் புலியை நான் கேட்டு வாங்கினேன். ஒரே ஒரு ஆட்டைத்தான் தின்றேன். அவன் 15வது ஆட்டை இறக்கிவிட்டு, அடுத்து நகர்த்தக் கை நீட்டியபோது, “14 தான மாப்ள இருக்கு?” என்றேன். கொஞ்ச நேரம் கட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். அப்புறம் கரிக்கட்டையை எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே எழுதினான்: “15 ஆட்டையும் இறக்கி முடிச்சா நகட்டலாம். செத்ததும் கணக்கு.”