கவுன்ட் எவ்வளவு?

மழைக்காலம் வந்தால் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் காய்ச்சல்காரரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, 'கவுன்ட் எவ்வளவு?' அறுபதாயிரம் என்றால் பப்பாளி இலைச் சாறு வரும். நாற்பதாயிரம் என்றால் சென்னைக்கு கார் கிளம்பும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டித்தான் விழுப்புரத்துக் கார் போகிறது என்பது வேறு விஷயம்.

எவ்வளவு என்று கேட்கிற நாம், ஏன் இறங்கியது என்று கேட்பதே இல்லை.

பிளேட்லெட், எலும்பு மஜ்ஜையில் உருவாகி எட்டு பத்து நாள் வாழ்கிற துணுக்கு. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உற்பத்தி படுத்தாலும் குறையும், ரத்தத்திலேயே அழிந்தாலும் குறையும். டெங்குவில் இரண்டுமே நடக்கிறது. குடித்துக் குடித்து ஈரல் கெட்டவருக்கு, வீங்கிய மண்ணீரல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில சமயம் ஒன்றுமே ஆகியிருக்காது! டியூபில் இருக்கிற மருந்தால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எண்ணத் தெரியாத மெஷின் குறைத்துச் சொல்லும். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் சரிவதுதான். அது நடப்பது, 'அப்பாடா, காய்ச்சல் விட்டுடுச்சு' என்று நாம் நிம்மதியாகிற அந்த ஒன்றிரண்டு நாளில். வயிற்று வலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கை கால், குறைகிற சிறுநீர், ரிப்போர்ட்டில் ஏறுகிற பி.சி.வி. இதையெல்லாம் யார் விசாரிக்கிறோம்? டெங்கு தணிந்தால் கவுன்ட் தானாகவே ஏறும். பெயர் பப்பாளிக்குப் போகும்.

'பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்' என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், இருபதாயிரம் வரை இறங்கியும் ரத்தக் கசிவு பெரிதாக இல்லாத டெங்கு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். 2017-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஏற்றியதால் ரத்தக் கசிவு குறையவில்லை. பக்க விளைவுகள்தான் கூடின. நம் அரசின் வழிகாட்டு நெறியும், கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் ஏற்றுவது பற்றி யோசிக்கச் சொல்கிறது. நாற்பதாயிரத்திலேயே மிரட்டுகிற உறவினரும், அந்த பயத்தை பில் போடுகிற ஆஸ்பத்திரியும் கூட்டாளிகள்தான்.

கவுன்ட் குறைந்தாலே டெங்கு என்று முடிவு கட்டுவது இன்னும் மோசம். வட தமிழகத்தில் உண்ணிக் காய்ச்சல் சகஜம். 'ஸ்க்ரப் டைபஸ்' என்பார்கள். புதரிலும் வரப்பிலும் இருக்கிற, கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. இதிலும் பிளேட்லெட் சரியும். பலருக்கு அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சூடு வைத்ததுபோல கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. கேட்டால் ஒழிய நோயாளி சொல்ல மாட்டார். தினம் ரெண்டு தடவை கவுன்ட்டுக்கு ரத்தம் எடுக்கிற இடத்தில், சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு தடவை பார்த்தால் என்ன? டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு ஆகிற செலவு சில ரூபாய்தான். விட்டுவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகி வென்டிலேட்டர் வரைக்கும் போகும்.