விடுதியும் வழித்தடமும்

மேனாடுகளிலே திராட்சைத் தோட்டங்களின் நடுவே அமைந்த விடுதிகளில் தங்கி, நிலத்தின் எழிலையும் விளைவையும் ஒருங்கே நுகர்வோர் பலர். நம் நாட்டில் அவ்வின்பத்தை நாடுவோர் மாத்தளை மாவட்டத்துக் கண்டலமவுக்குச் செல்கின்றனர். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வகுத்து, 1994ஆம் ஆண்டில் நிறைவுற்ற உல்லாச விடுதி அங்கே குளத்தை நோக்கி நிற்கின்றது. மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்யாது, தூண்களின்மேல் அதனை எழுப்பினார் அவர். மழைநீர் கட்டடத்தின் அடியிலே தடையின்றி ஓடுகின்றது. கொடிகள் சுவர்களை மூடிப் படர்கின்றன. தொலைவிலே சிகிரியாக் குன்றம் தோன்றுகின்றது.

ஆயின், அங்கே செல்வோர் கடக்கும் தம்புள்ளைப் பகுதி வேறொரு கதையும் உடையது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். தக்க தங்குமிடமும் மருந்துமின்றி, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மாண்டோர் பலர். மாத்தளைக்குப் புகைவண்டி வந்ததே 1880ஆம் ஆண்டிலேதான். அதுவும் கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. வடதிசைக் காட்டுவழியில் கால்களே துணை.

மாணவ அன்பர்களே, உல்லாசப் பயணம் பழியன்று. கண்டு களிப்பதும் கல்வியே. பாறைக்கும் நீருக்கும் இடம்விட்டுக் கட்டிய கலைஞரைப் போற்றுவோம். அவ்வழியே நடந்து மாண்டோர்க்கும் நம் நெஞ்சில் இடம் வைப்போம்.