சிற்றாற்றுக்கு நடுமுள் எங்கே?

குற்றாலத்தில் குளிக்காதவர்கள் இருக்கலாம். குற்றாலத்தைக் கேள்விப்படாதவர் உண்டா?

சாரல் அடிக்கிறது. பேரருவி கொட்டுகிறது. தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, மறுபடியும் கீழே பாய்கிறது. நாம் குளித்து முடித்து, துண்டைப் பிழிந்துகொண்டு ஊருக்குத் திரும்பி விடுகிறோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

அதுதான் சிற்றாறு! தென்காசி வழியாக ஓடி, வேறு சில ஆறுகளையும் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

80 கிலோமீட்டர் என்று எப்படிச் சொல்வது? ஆறு கயிறு அல்ல, நீட்டிப் பிடித்து அளப்பதற்கு! இடது கரை ஓரமாக நடந்தால் ஒரு கணக்கு வரும். வலது கரை ஓரமாக நடந்தால் வேறு கணக்கு வரும். எனவே நடுவே ஒரு கோடு வேண்டும். ஆனால் அந்தக் கோடு வரைபடத்தில் இல்லை. அங்கே இருப்பது இரண்டு கரைகள் மட்டுமே. அகலமும் நீளமும் உள்ள ஒரு வடிவம், அவ்வளவுதான்.

கரையில் வைத்த நெருப்பு

நடுக்கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆறு முழுவதும் காய்ந்த புல் முளைத்திருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் தீ வைக்கிறார்கள். இரண்டு தீயும் ஒரே வேகத்தில் உள்ளே பரவுகின்றன. அவை எங்கே சந்தித்து அணைகின்றனவோ, அதுதான் ஆற்றின் நடு!

இது என் கற்பனை அல்ல. ஹாரி புளூம் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1967-ம் ஆண்டு இப்படித்தான் விளக்கினார்.

கம்ப்யூட்டர் தீ வைப்பதில்லை, கணக்குப் போடுகிறது. நிலப்படங்களைப் பேரேடு போலச் சேர்த்து வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 'போஸ்ட்ஜிஐஎஸ்'. 2001-ல் கனடாவில் வெளிவந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆற்றின் வடிவத்தைக் கொடுத்து ஒரு கட்டளை போட்டால், நடுக்கோட்டைப் போட்டுத் தந்து விடும்.

ஆனால் அதில் ஒரு தொல்லை உண்டு. கரையில் சிறு வளைவு இருந்தாலும் போதும். நடுக்கோட்டில் இருந்து அந்தப் பக்கமாக ஒரு கிளை முளைத்து விடும். பார்த்தால் மீன் எலும்பு மாதிரியே இருக்கும். நடுமுள்ளை வைத்துக்கொண்டு, பக்க முள்ளை எல்லாம் கழித்து விட வேண்டும். வீட்டில் குழந்தைக்கு மீன் ஊட்டும் தாய்மார்களுக்கு இந்த வேலையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை!

அதிலும் எச்சரிக்கை வேண்டும். குட்டையாக இருக்கிறதே என்று ஒரு முள்ளைக் கழித்தால், அது உண்மையில் ஒரு ஓடை வந்து சேரும் இடமாக இருக்கலாம். ஆற்றுக்குள் மணல்திட்டு இருந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து, திட்டைச் சுற்றி, மறுபடியும் சேரும். எதைப் பிரதானமாகக் கொள்வது? கோடையில் தண்ணீர் ஒரு கரையை ஒட்டியே ஓடுகிறது. கம்ப்யூட்டரின் கோடோ காய்ந்த மணலின் மேல் போகும். அருவியின் உயரமும் இந்தக் கணக்கில் சேராது. வரைபடம் மேலிருந்து பார்ப்பது அல்லவா? ஆகவே கோடு போட்ட பிறகு, ஊர் தெரிந்த ஒருவர் கரையோரம் நடந்து பார்த்தே தீர வேண்டும்.

கோடு எதற்கு?

"இந்தக் கோட்டால் எனக்கு என்ன லாபம்?" என்று தென்காசி விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஒரு இடத்தில் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. இன்னொரு இடத்தில் கரை உடைகிறது. புகார் எழுதும்போது எந்த இடம் என்று குறிப்பிடுவது? "புளியமரத்துக்குக் கிழக்கே" என்று எழுதினால், மரத்தை வெட்டியதும் அடையாளம் போய்விடும். நடுக்கோடு இருந்தால், "அருவியில் இருந்து 9-வது கிலோமீட்டர், இடது கரை" என்று எழுதலாம். நெடுஞ்சாலைக்கு மைல்கல் இருக்கும்போது ஆற்றுக்கு ஏன் கூடாது?

அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. நடுக்கோட்டில் 100 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஆற்றின் அகலத்தை எழுதி வைக்கலாம். பழைய சர்வே படத்தில் ஒரு புள்ளியில் 40 மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்வோம். இன்று அளந்தால் 25 மீட்டர்தான் இருக்கிறது. மீதி 15 மீட்டர் எங்கே? ஆறு தானாக ஒதுங்கியதா, அல்லது யாராவது வேலி போட்டார்களா? கேட்பதற்கு ஒரு பிடி கிடைத்து விடுகிறது.

இங்கேதான் என் கவலை. கோடு கிடைத்துவிட்டதே என்று, வடிவத்தைக் கிடப்பில் போட்டு விடக் கூடாது. கோட்டுக்கு அகலம் கிடையாது. படத்தில் ஆற்றை ஒரு நீலக் கோடாக மட்டும் காட்டினால், அதன் இரண்டு பக்கமும் காலி நிலம் போலத் தோன்றும். ஆக்கிரமிக்கிறவருக்கு அதைவிட வசதி வேறு என்ன? ஆற்றுப் படுகை அரசாங்கத்துச் சொத்து என்று 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் படுகை எதுவரை என்று காட்டுவது கரைதான்; நடுக்கோடு அல்ல.

2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. சிற்றாற்றில் இருந்தே இந்த வேலையைத் தொடங்கலாம். கோட்டையும் வடிவத்தையும் ஒரே பேரேட்டில் சேர்த்து வைத்து, எவரும் பார்க்கும்படி செய்ய வேண்டும். கரையில் கிலோமீட்டருக்கு ஒரு கல் நட வேண்டும். கல்லில் எண்ணோடு அந்த இடத்து ஆற்றின் அகலத்தையும் பொறிக்க வேண்டும். முதல் கல், பேரருவிக்குக் கீழே. கடைசிக் கல், சீவலப்பேரியில்.