வில்வண்டியும் ஹெரால்டும்

"பிளவக்கலுக்கு நான் வரலை. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று அம்மா சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அணை நிறைந்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், புளியோதரையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறுகிறவள் அவள்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி என்று போகும் பாதை எங்கள் குடும்பத்துக்கு மனப்பாடம். 2025-ல் கைப்பேசி தோறும் கூமாப்பட்டியின் பெயர் அமர்க்களப்பட்டதே, அதற்கு எத்தனையோ வருஷங்கள் முன்பிருந்தே நாங்கள் அந்தப் பக்கத்து விருந்தாளிகள்.

"ஏம்மா, உடம்புக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்லை. வயசாகுதில்லே? முதுகு தாங்கலை."

அப்பா அதை அப்படியே நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. அன்று மாலை பின் ஸீட்டில் நானே உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்வந்தேன். வீடு திரும்பியபோது என் முதுகும் தாங்கவில்லை. எனக்கு வயது முப்பத்து நாலுதான்! ஆக, வயசானது அம்மாவுக்கு அல்ல; காருக்கு.

எங்கள் கார், தாத்தா ஆசையாக வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. இருபத்தைந்தடி இடம் கிடைத்தால் வட்டமடித்துத் திரும்பிவிடும். அம்பாஸிடரும் பியட்டும் ஆண்ட அந்தக் காலத்தில், நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் கார் இது. யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் நடந்த மோட்டார் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் சீறிப் பாய்ந்தன. அந்தப் பெருமையை அப்பா யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் பெருமை பேசுகிறவர் உட்காருவது முன் ஸீட்டில். பள்ளம் மேடுகளை வாங்கிக்கொள்கிறவள் இருப்பது பின் ஸீட்டில்.

ஸ்பிரிங் என்றதும் இது ஆண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் பாட்டிமார் ஏறிப்போன வில்வண்டியில் அந்த 'வில்' எது? மாட்டுவண்டியின் அடியில் இருந்த இரும்புப் பட்டைகள்தாம். ஹெரால்டின் பின்புறத்திலும் அதே சங்கதி: குறுக்காக வைத்த பட்டைக் கட்டு ஒன்று இரண்டு சக்கரங்களையும் தாங்குகிறது. முன்புறம் மட்டும் சுருள் ஸ்பிரிங் இரண்டு.

ஸ்பிரிங் தளர்ந்தால் கார் மெத்தென்று ஆகிவிடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நடப்பது நேர் எதிர். பல வருஷம் பாரம் சுமந்த இரும்பு தன் பழைய உயரத்தை இழந்து தாழ்கிறது. சக்கரம் மேலே எழும்ப இடம் குறைகிறது. சிறு பள்ளத்துக்கும் அடியிலுள்ள ரப்பர் கட்டையில் போய் 'டங்'கென்று இடிக்கிறது. அந்த இடிதான் முதுகில் ஏறுகிறது. இது ஒரே நாளில் வருவதில்லை. அதனால்தான் ஓட்டுகிறவருக்குத் தெரிவதுமில்லை.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா தையல் மெஷின் டிராயரிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். சமதரையில் காரை நிறுத்தி, நான்கு டயருக்கும் சரியாகக் காற்றடித்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். முன்புறத்தில் வலது பக்கம் இடதைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. எப்போதும் அப்பா மட்டும் தனியாக ஓட்டிப்போகிற பக்கம் அல்லவா! பின் சக்கரங்களோ தலையை உள்பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றன. டயர்களின் உள்விளிம்பு மட்டும் மழுங்கத் தேய்ந்திருந்தது. ஹெரால்டில் பின் பட்டை தாழ்ந்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மெக்கானிக் அண்ணாச்சி வந்து பார்த்தார். "முன்னாலே வலது பக்கத்து ஸ்பிரிங்கை மட்டும் மாத்திருவோம் சார். செலவு பாதிதான்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. அம்மா குறுக்கிட்டாள்: "ஒரு காலுக்குப் புதுச் செருப்பு, ஒரு காலுக்குத் தேஞ்ச செருப்புன்னு மாட்டிக்கிட்டு யாராவது கடைத்தெருவுக்குப் போவாங்களா அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "நீங்க சொல்றதுதாம்மா சரி. ஜோடியாத்தான் மாத்தணும்."

முன் ஸ்பிரிங்குகள் இங்கிலாந்திலிருந்து வந்தன. பழைய கார்ப் பிரியர்களுக்காக அங்கே இன்னும் செய்கிறார்கள். பின் பட்டைகளைப் பழசையே மாதிரி காட்டி மதுரையில் ஒரு பட்டறையில் புதிதாகச் செய்து வாங்கினோம். பழைய பட்டையையே காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னார். பதம் தப்பினால் சீக்கிரமே பழையபடி தாழ்ந்துவிடும் என்று அண்ணாச்சி தடுத்துவிட்டார்.

வேலை நடந்த அன்று ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். சுருள் ஸ்பிரிங் அமுங்கியே உட்கார்ந்திருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும், ஆளையே கொன்றுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரடியில் படுப்பதும் அப்படித்தான். உறுதியான தாங்கிகள் வேண்டும். வீட்டில் யாராவது "நானே பார்த்துக்கறேன்" என்று கிளம்பினால், சகோதரிகளே, தயவுசெய்து தடுத்துவிடுங்கள்!

பின் பட்டையைக் கழற்ற, பின் ஸீட்டையே எடுத்துவிட்டு அதன் பின்னாலிருந்த மூடியைத் திறந்தார்கள். அம்மா இத்தனை வருஷம் சாய்ந்திருந்த இடத்துக்கு அடியில்தான் வில் இருந்திருக்கிறது! புதுசைப் பூட்டியபின், கார் தன் கனத்தோடு தரையில் நின்ற பிறகே ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை முழுசாக முடுக்கினார் அண்ணாச்சி. தொங்கலில் முடுக்கினால் ரப்பர் முறுகிக் கிழிந்துவிடுமாம். "சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படியட்டும், அப்புறம் சக்கரங்களின் நேர் பார்க்கணும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

மறு ஞாயிறு பிளவக்கலுக்குப் புறப்பட்டோம். இம்முறை நான் ஓட்டினேன். அப்பா பின் ஸீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில். வத்திராயிருப்பு தாண்டி மலை நெருங்கி வரவர, அவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"இப்ப நல்லாத்தான் இருக்கு" என்ற அம்மா, சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "இதை நீங்க மூணு வருஷம் முன்னாலே கேட்டிருக்கலாம்."

அப்பா பதில் பேசவில்லை. புளியோதரைப் பொட்டலத்தை மட்டும் பத்திரமாகத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலும் கார் இருக்கலாம். பழையதோ புதியதோ, ஓட்டுகிறவரை ஒரு நாள் பின் ஸீட்டில் உட்காரச் சொல்லுங்கள். அளவு நாடாவை அப்புறம் எடுக்கலாம்.